பல்பு எரிவது ஒரே தடவை

ஆவடி என்றதும் உங்களுக்கு எது நினைவுக்கு வருகிறது? டாங்கிகள் செய்யும் தொழிற்சாலை நினைவுக்கு வரலாம். மின்சார ரயில்களின் பணிமனை நினைவுக்கு வரலாம். ஆனால் ஊரிலுள்ள மிகவும் வயது முதிர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்களில் சிலர் "ஆவடி காங்கிரஸ்" என்பார்கள்.

ஆம். இந்திய தேசிய காங்கிரசின் 60-வது மாநாடு 1955 ஜனவரியில் ஆவடியில்தான் நடந்தது. யு. என். தேபர் தலைமை தாங்கினார். பிரதமர் நேரு வந்திருந்தார். அப்போது சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் காமராசர். நாட்டில் சோஷலிச பாணிச் சமுதாயம் அமைய வேண்டும் என்ற புகழ்பெற்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது.

அந்தக் காலத்து மாநாட்டுப் படங்களைப் பழைய பத்திரிகைகளிலும் நூல்களிலும் பார்த்திருப்பீர்கள். எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். படத்துக்குக் கீழே இடமிருந்து வலமாக யார் யார் நிற்கிறார்கள் என்று பெயர்களை அச்சிட்டிருப்பார்கள். ஒரு பெயர் மட்டும் பெரும்பாலும் இருக்காது. அது யாருடைய பெயர், சொல்லுங்கள் பார்க்கலாம்!

படத்தை எடுத்தவருடைய பெயர்தான்.

பத்திரிகைப் புகைப்படக்காரர் எப்போதும் படத்துக்கு வெளியே நிற்பவர். அவர் அங்கே இருந்தார் என்பதற்குப் படமே சாட்சி. அப்படி வெளியே நின்றவர்களில் ஒருவரை இந்தக் கட்டுரையில் சந்திப்போம். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று போற்றப்படும் ஹோமாய் வியாரவாலா அவர். அவருக்குக் காமிராவைக் கற்றுக்கொடுத்த ஆசிரியரையும் சந்திப்போம். அவர் கல்லூரிப் பேராசிரியர் அல்லர். ஒரு பத்திரிகை அலுவலகத்தில் கணக்கு எழுதியவர்!

பதின்மூன்று வயதில் கிடைத்த ஆசிரியர்

ஹோமாய் 1913 டிசம்பர் 9 அன்று குஜராத்திலுள்ள நவ்சாரியில், ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய தந்தை நாடக நடிகர். நாடகக் கம்பெனி ஊர் ஊராகப் போகும். குடும்பமும் கூடவே போகும். பிறகு பம்பாயில் தங்கிப் படித்தார். அக்காலத்தில் பெண்களைப் பள்ளிக்கு அனுப்புவதே அரிது. மெட்ரிகுலேஷன் வகுப்பில் ஹோமாய் ஒருவர்தான் பெண். பின்னர் புனித சேவியர் கல்லூரியில் படித்தார், ஜே. ஜே. கலைப் பள்ளியில் ஓவியமும் பயின்றார்.

1926-ல், அதாவது அவருடைய பதின்மூன்றாவது வயதில், மானெக்ஷா வியாரவாலா என்ற இளைஞரின் அறிமுகம் கிடைத்தது. மானெக்ஷா டைம்ஸ் ஆஃப் இந்தியா பத்திரிகையில் கணக்கர். பகலில் கணக்கு, ஓய்வு நேரத்தில் காமிரா. தாம் கற்றதையெல்லாம் அவர் ஹோமாய்க்குச் சொல்லிக் கொடுத்தார். தம்முடைய காமிராவையும் கொடுத்தார். கலைப் பள்ளியில் கூடப் படித்த தோழிகளையும் பம்பாய்த் தெருக்களையும் ஹோமாய் படம் எடுத்துப் பழகினார். பிற்காலத்தில், 1941-ல், இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

மாதர் சங்கத்தார் ஒரு நாள் உல்லாசப் பயணம் போனார்கள். அதை ஹோமாய் எடுத்த படங்கள் பாம்பே கிரானிக்கிள் பத்திரிகையில் வெளியாயின. படத்துக்கு ஒரு ரூபாய் சன்மானம். பத்திரிகைத் தொழிலில் அவர் ஈட்டிய முதல் வருமானம் அதுதான்.

ஆனால் தொடக்க காலத்தில் அவர் எடுத்த படங்கள் மானெக்ஷாவின் பெயரில்தான் அச்சாயின! பெயர் தெரியாத ஓர் இளம் பெண்ணின் படத்தை வாங்கப் பத்திரிகைகள் தயங்கிய காலம் அது. ஆசிரியரின் பெயர் மாணவிக்குக் குடையாக இருந்தது என்றும் சொல்லலாம். மாணவியின் உழைப்பு மறைந்து போனது என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மைதான்.

மூன்று கிலோ காமிரா

1942-ல் ஹோமாயும் மானெக்ஷாவும் டில்லிக்குக் குடிபெயர்ந்தார்கள். பிரிட்டிஷ் தகவல் துறையின் அலுவலகத்தில் வேலை. 'இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி' போன்ற பத்திரிகைகளுக்கும் ஹோமாய் படம் எடுத்தார். சேலை உடுத்திய ஒரு பெண், காமிராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, டில்லி வீதிகளில் சைக்கிளில் போவதைக் கற்பனை செய்து பாருங்கள்.

இன்று உங்கள் வீட்டுக் கைப்பேசியின் எடை ஏறத்தாழ 200 கிராம் இருக்கும். ஹோமாய் தூக்கிச் சென்ற 'ஸ்பீட் கிராஃபிக்' காமிராவின் எடை ஏறத்தாழ 3 கிலோ. அமெரிக்காவில் 1912 முதல் 1973 வரை தயாரான காமிரா இது. உலகெங்கும் பத்திரிகைக்காரர்கள் கையில் அதைக் காணலாம். பெட்டியைத் திறந்தால் துருத்தி போல மடிப்பு மடிப்பாக நீளும். துருத்தியின் ஒரு முனையில் லென்ஸ், மறுமுனையில் பிலிம்.

அதில் சுருள் பிலிம் போடுவதில்லை. 4 அங்குல அகலமும் 5 அங்குல நீளமும் கொண்ட தனித்தனிப் பிலிம் தகடுகள்தான். ஒரு சட்டத்தில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டே தகடுகள். ஒரு படம் எடுக்க என்னென்ன செய்ய வேண்டும் தெரியுமா?

முதலில் சட்டத்தைக் காமிராவின் பின்புறம் செருக வேண்டும். பிலிமை மூடியிருக்கும் மறைப்புத் தகட்டை உருவ வேண்டும். ஷட்டரின் வில்லை இழுத்து ஏற்ற வேண்டும். எதிரே நிற்பவர் எத்தனை அடி தொலைவில் இருக்கிறார் என்று பார்த்து லென்ஸை நகர்த்த வேண்டும். ஒளி நுழையும் துவாரத்தின் அளவைத் திருப்பி வைக்க வேண்டும். புதிய ஃபிளாஷ் பல்பைச் செருக வேண்டும். பிறகுதான் விசையை அழுத்தலாம். அழுத்திய பின், மறைப்புத் தகட்டை மறுபடி செருகி, சட்டத்தைத் திருப்பிப் போட்டு, சூடாக இருக்கும் பல்பைக் கழற்றி எறிந்து, எல்லாவற்றையும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதில் ஒன்றை மறந்தாலும் படம் கிடையாது. இத்தனை வேலையையும் விரல்கள் தாமாகவே செய்யப் பழகியிருந்தால்தான் கண்கள் எதிரே நடப்பதைப் பார்க்க முடியும். ஆசிரியரிடம் திரும்பத் திரும்பப் பழகுவதன் பயன் இதுதான். வாய்பாடு மனப்பாடமாக இருப்பவன் கணக்கின் போக்கைக் கவனிக்கிறான் அல்லவா? அதைப் போலத்தான்.

மூன்று பல்புகளின் கதை

ஃபிளாஷ் பல்பு என்றால் என்ன? நம் வீட்டு மின்விளக்கு பல மாதங்கள் எரியும். ஃபிளாஷ் பல்பு ஒரே ஒரு தடவைதான் எரியும்! கண்ணாடிக் குமிழுக்குள் மிக மெல்லிய அலுமினியத் தாள் அல்லது மக்னீசியக் கலப்பு இழையைத் திணித்து, ஆக்சிஜனை நிரப்பி அடைத்திருப்பார்கள். மின்சாரம் பாய்ந்ததும் உலோகம் பற்றிக்கொள்ளும். பள்ளிச் சோதனைக் கூடத்தில் மக்னீசிய நாடா கண் கூசும்படி எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வினைதான் இங்கே மூடிய குமிழுக்குள் நடக்கிறது. ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு விநாடியில் எல்லாம் முடிந்துவிடும்.

அந்தச் சிறு நேரத்துக்குள் ஷட்டர் சரியாகத் திறந்து மூட வேண்டும். முந்தினாலும் பயனில்லை, பிந்தினாலும் பயனில்லை.

1946-ல் மார்கரெட் பூர்க்-வைட் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர், காந்தியடிகள் இராட்டையுடன் இருக்கும் காட்சியை எடுக்கச் சென்றார். காந்தியடிகளுக்கு ஃபிளாஷ் வெளிச்சம் பிடிக்காது. மூன்றே மூன்று பல்புகளுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. முதல் பல்பு எரிந்தது. ஷட்டர் அதனோடு ஒத்துத் திறக்கவில்லை. இரண்டாவது பல்பு எரிந்தது. மறைப்புத் தகட்டை உருவ மறந்துவிட்டார். உலகப் புகழ் பெற்ற அந்தப் பத்திரிகைக்காரருக்கே இப்படி! மூன்றாவது பல்பு எரிந்தது. எல்லாம் சரியாக அமைந்தது. அந்தப் படம் இன்றும் உலகெங்கும் பேசப்படுகிறது.

ஃபிளாஷ் பல்புக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வெளிச்சம் தொலைவின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்தில் குறையும் என்று பௌதிகத்தில் படிக்கிறீர்கள். அதாவது 10 அடியில் நிற்பவர்மேல் விழும் வெளிச்சத்தில் நான்கில் ஒரு பங்குதான் 20 அடியில் நிற்பவர்மேல் விழும். அக்காலப் படக்காரர்கள் இதற்கு ஓர் எளிய வழி வைத்திருந்தார்கள். பல்புக்கும் பிலிமுக்கும் ஏற்ப ஓர் எண் உண்டு. அந்த எண் 160 என்று வைத்துக்கொள்வோம். அதைத் தொலைவால் வகுத்தால் துவார எண் கிடைக்கும். 10 அடிக்கு 16. 20 அடிக்கு 8. 40 அடிக்கு 4. துவார எண் பாதியானால் உள்ளே நுழையும் ஒளி நான்கு மடங்காகும். வர்க்க விதி இந்த வகுத்தலுக்குள் ஒளிந்திருப்பதைக் கவனித்தீர்களா?

பழைய மாநாட்டுப் படங்களில் முன்வரிசை முகங்கள் வெளுத்தும், பின்னால் கூட்டம் இருட்டாகவும் இருப்பதன் காரணமும் இதுதான். மேடையில் இருப்பவர் 10 அடியில் இருக்கிறார். பந்தலின் கடைசி வரிசையோ 100 அடிக்கு அப்பால். அங்கே போய்ச் சேரும் வெளிச்சம் நூறில் ஒரு பங்குதான்.

ஒரே தடவை எரியும் பல்புக்குப் பதிலாகத் திரும்பத் திரும்ப ஒளிரும் மின்னணு ஃபிளாஷ் வந்ததும் ஓர் ஆசிரியரால்தான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பாடம் நடத்திய ஹெரால்டு எட்கர்ட்டன் 1930-களில் அதை உருவாக்கினார். வாயு நிரம்பிய குழாயில், மின்தேக்கியில் சேர்த்து வைத்த மின்சாரத்தை ஒரே நொடியில் பாய்ச்சினார். ஆயினும் அது விலை குறைந்து எல்லார் கைக்கும் வரப் பல ஆண்டுகள் ஆயின.

இருட்டறைப் பாடம்

விசையை அழுத்திவிட்டால் படம் வந்துவிடுமா? வராது. பாதி வேலை அதன் பிறகுதான்.

பிலிமின் மேல் ஜெலட்டின் பூச்சு இருக்கும். அதனுள் வெள்ளி புரோமைடின் நுண்ணிய துகள்கள் கலந்திருக்கும். ஒளி பட்ட துகளில் ஒரு சில வெள்ளி அணுக்கள் மட்டும் தனியே பிரியும். கண்ணுக்கோ எதுவும் தெரியாது. படம் இருக்கிறது, ஆனால் மறைந்திருக்கிறது! மெட்டால், ஹைட்ரோகுவினோன் போன்ற இரசாயனங்கள் கலந்த 'டெவலப்பர்' கரைசலில் பிலிமை இட்டால், ஒளி பட்ட துகள்கள் முழுவதும் கறுத்த வெள்ளியாக மாறும். மறைந்திருந்த மாற்றத்தைக் கரைசல் கோடிக்கணக்கான மடங்கு பெருக்கிக் காட்டுகிறது.

அடுத்து, ஒளி படாத வெள்ளி புரோமைடை அகற்ற வேண்டும். அகற்றாவிட்டால் வெளியே எடுத்ததும் படம் முழுவதும் கறுத்துவிடும். சோடியம் தயோசல்பேட் என்ற உப்பு அதைக் கரைத்துவிடும். படக்காரர்கள் அதை 'ஹைப்போ' என்பார்கள். வெள்ளி உப்புகளை ஹைப்போ கரைக்கும் என்பதை 1819-லேயே கண்டறிந்தவர் ஜான் ஹெர்ஷல் என்ற விஞ்ஞானி. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதோ 1839-ல்! பயன் தெரியாமலே இருபது ஆண்டுகள் காத்திருந்த கண்டுபிடிப்பு அது.

கரைசலின் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் அளவில் இருப்பது நல்லது. நம் ஊரில் மே மாதத்துக் குழாய்த் தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சூடு மிகுந்தால் ஜெலட்டின் ஊறி இளகிவிடும். படம் சுருங்கிப் பாழாகும். அதனால் கரைசல் தட்டைப் பனிக்கட்டியில் வைத்துக் குளிரச் செய்வார்கள். படத்தாளில் அச்செடுக்கும்போது சிவப்பு விளக்கு எரியலாம். பிலிமைக் கழுவும்போது அதுவும் கூடாது. முழு இருட்டில், விரல்களின் நினைவாலேயே வேலை செய்ய வேண்டும். நேரத்தை எண்ணத் தெரிய வேண்டும். கரைசலை அளந்து கலக்கத் தெரிய வேண்டும். ஆக, அக்காலப் படக்காரர் பாதி கலைஞர், பாதி இரசாயனக்காரர்.

நம் நாட்டிலேயே பிலிம் செய்யும் தொழிற்சாலை 1960-ல் உதகமண்டலத்தில் அரசால் தொடங்கப்பட்டது. 'இந்து' என்ற பெயரில் அங்கிருந்து பிலிம்களும் படத்தாள்களும் வந்தன. மலையின் குளிர்ச்சியும் தூசியற்ற காற்றும் பிலிம் பூச்சுக்கு ஏற்றவை. பிலிமின் காலம் முடிந்தபோது அந்தத் தொழிற்சாலையின் வேலையும் நின்றுபோனது.

சேலை உடுத்திய படக்காரர்

டில்லியில் அந்நாளில் பத்திரிகைப் படக்காரர்கள் எல்லாரும் ஆண்கள். சேலை உடுத்திக் காமிராவும் கையுமாக வந்த ஹோமாயைப் பலர் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லையாம். ஏதோ விளையாட்டுக்குப் படம் எடுக்கிறார் என்று நினைத்தார்கள். அதுவே தமக்கு வசதியாகப் போயிற்று என்று முதுமையில் அவர் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. பிறர் நுழைய முடியாத இடங்களிலும் அவரால் அமைதியாக நின்று படம் எடுக்க முடிந்தது.

1947-ல், நாட்டைப் பிரிக்கும் திட்டத்தை ஏற்பதற்காகக் காங்கிரஸ் தலைவர்கள் கை உயர்த்தி வாக்களித்தார்கள். அந்தக் காட்சி அவருடைய காமிராவில் பதிவாகியிருக்கிறது. அவ்வாண்டு ஆகஸ்ட் 16 அன்று செங்கோட்டையில் நடந்த கொடியேற்றமும், மவுண்ட்பேட்டன் விடைபெற்றுச் சென்றதும் பதிவாகியிருக்கின்றன. 1956-ல் தலாய் லாமா முதன்முறையாக இந்தியாவுக்குள் வந்தபோது, சிக்கிம் எல்லையிலுள்ள நாதுலா கணவாய்க்கே சென்று படம் எடுத்தார். நேரு வெண்புறா ஒன்றைப் பறக்கவிடும் படத்தை நீங்கள் பாடநூலிலோ வேறு எங்கோ பார்த்திருக்கக்கூடும். அதை எடுத்தவரும் இவரே.

அவருக்கு ஒரு புனைபெயரும் உண்டு: 'டால்டா 13'! பிறந்த ஆண்டு 1913. ஆசிரியரைச் சந்தித்த வயது 13. வாங்கிய முதல் காரின் எண் டி.எல்.டி. 13. ஆங்கிலத்தில் அந்த மூன்று எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால், அக்காலத்தில் எல்லார் வீட்டுச் சமையலறையிலும் இருந்த வனஸ்பதியின் பெயர் வந்துவிடுகிறது. பதின்மூன்று ராசியில்லாத எண் என்று பலர் அஞ்சுவார்கள். அவரோ அதையே தம் பெயராக வைத்துக்கொண்டார்.

எடுக்காத படம்

ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ஹோமாயின் மனத்தை விட்டு நீங்காத படம் ஒன்று உண்டு. அது அவர் எடுத்த படம் அன்று, எடுக்காத படம்.

1948 ஜனவரி 30. டில்லி பிர்லா மாளிகையில் காந்தியடிகளின் மாலைப் பிரார்த்தனைக் கூட்டத்தைப் படம் பிடிக்க ஹோமாய் கிளம்பிவிட்டார். சலனப்படக் காமிராவும் கையில் இருந்தது. வாசலைத் தாண்டும் நேரத்தில் மானெக்ஷா அவரைத் திரும்ப அழைத்தார். நாளைக்கு இருவரும் சேர்ந்தே போகலாம் என்றார். ஹோமாய் திரும்பிவிட்டார்.

அந்த நாளை வரவில்லை. சிறிது நேரத்தில் காந்தியடிகள் சுடப்பட்ட செய்தி வந்தது.

காமிராவைக் கையில் கொடுத்து, ஒரு நொடியும் தவறக் கூடாது என்று பழக்கிய அதே ஆசிரியர்தான் அன்று திரும்பி வா என்று அழைத்தவரும். அவரைக் குறை சொல்ல முடியுமா? நாளைக்கு என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? வாழ்நாளிலேயே பெரிய வருத்தம் அதுதான் என்று ஹோமாய் பல முறை சொல்லியிருக்கிறார். ஆனாலும் மறுநாள் காமிராவை எடுத்துக்கொண்டு இறுதி ஊர்வலத்தில் நின்றார். கூட்டமும் கண்ணீரும் சூழ்ந்த அந்த நாளின் படங்களை இன்றும் நாம் பார்க்கிறோம்.

அதே ஜனவரி 30 அன்று பிர்லா மாளிகையில் வேறொரு படக்காரர் இருந்தார். பிரெஞ்சுக்காரரான ஆன்ரி கார்த்தியே-பிரெசோன். கொலை நடப்பதற்குச் சற்று முன்புதான் அவர் காந்தியடிகளைச் சந்தித்துவிட்டுப் போயிருந்தார். செய்தி கேட்டுத் திரும்பி வந்து அந்த இரவைப் படமாக்கினார். அவரும் கொலை நடந்த கணத்தில் அங்கே இல்லை என்பதைக் கவனியுங்கள். அவருக்கும் ஓர் ஆசிரியர் உண்டு. ஆந்த்ரே லோத் என்ற ஓவியர். ஒரு சட்டத்துக்குள் கோடுகளும் உருவங்களும் எப்படி அமைய வேண்டும் என்பதை லோத்தின் ஓவிய வகுப்பில்தான் கற்றார். பின்னர் 1950 ஏப்ரலில் இரமண மகரிஷி மறைந்தபோது, கார்த்தியே-பிரெசோன் நம் திருவண்ணாமலையில் இருந்தார்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. எந்த இடத்தில், எந்த நேரத்தில் இருப்போம் என்பது பாதி தற்செயல். அதை எந்த ஆசிரியராலும் கற்றுத்தர முடியாது. இருக்கும் இடத்தில் கையும் கண்ணும் தயாராக இருப்பது பயிற்சி. ஆசிரியர் தரக்கூடியது அதுதான். ஒரு படம் தவறிய பிறகும் அடுத்த படத்துக்குப் போய் நிற்பது? அது நாமே கற்றுக்கொள்ள வேண்டிய பாடம். ஹோமாய் அதன் பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தார்.

காமிராவைக் கீழே வைத்த நாள்

1964-ல் நேரு மறைந்தபோது ஹோமாய் இறுதிச் சடங்கைப் படம் எடுத்தார். மற்றப் படக்காரர்கள் பார்க்காதபடி முகத்தை மறைத்துக்கொண்டு அழுததாக அவரே சொல்லியிருக்கிறார். அழுதுகொண்டும் வேலை செய்ய வேண்டிய தொழில் இது.

1969-ல் மானெக்ஷா காலமானார். அடுத்த ஆண்டே, 1970-ல், ஹோமாய் தொழிலை விட்டுவிட்டார். புதிதாக வந்த சில படக்காரர்களின் நடத்தை அவருக்குப் பிடிக்கவில்லை. ஒருவரையொருவர் இடித்துத் தள்ளிக்கொண்டு, எதிரே இருப்பவரின் மரியாதையைப் பாராமல் படம் எடுப்பது தொழில் ஆகாது என்பது அவர் கருத்து. ஒருவர் தளர்ந்திருக்கும் நேரத்திலோ, கோமாளி போலத் தோன்றும் நேரத்திலோ அவரைப் படம் எடுப்பதை ஹோமாய் தவிர்த்தார். கையில் காமிரா இருப்பதாலேயே எல்லாவற்றையும் எடுத்துவிடலாகாது என்று கருதினார்.

பிறகு மகனுடன் பிலானியிலும், அதன்பின் வதோதராவிலும் வாழ்ந்தார். மகனும் 1989-ல் மறைந்த பின் தனியாகவே இருந்தார். தோட்டம் போட்டார், வீட்டுச் சாமான்களைத் தாமே பழுது பார்த்தார். நெடுங்காலம் அவர் பெயர் பலருக்குத் தெரியாமலே இருந்தது. பின்னர் ஆய்வாளர்கள் தேடி வந்தார்கள், நூல் வெளிவந்தது, கண்காட்சிகள் நடந்தன. 2011-ல் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. 2012 ஜனவரி 15 அன்று, 98-வது வயதில், அவர் காலமானார். ஒரு காலத்தில் ஆசிரியரின் பெயருக்குப் பின்னால் மறைந்திருந்த மாணவியின் பெயரால்தான் இன்று அந்த ஆசிரியரையும் உலகம் அறிகிறது!

நீங்களே செய்து பாருங்கள்

மாணவ நண்பர்களே, ஒரு சுண்ணாம்புக்கட்டிப் பெட்டியையோ, சிறிய அட்டைப் பெட்டியையோ எடுத்துக்கொள்ளுங்கள். உட்புறம் கறுப்புத் தாள் ஒட்டுங்கள். ஒரு பக்கத்தின் நடுவில் ஊசியால் சிறு துளை இடுங்கள். அதற்கு நேர் எதிர்ப் பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு, எண்ணெய் தடவிய மெல்லிய தாளை ஒட்டுங்கள். தலைமேல் ஒரு கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, துளையை வெளிச்சமான பக்கம் காட்டித் தாளைப் பாருங்கள்.

அம்பத்தூர் ஏரிக்கரை மரங்களோ, ஆவடி ரயில் நிலையமோ, பூந்தமல்லி கரையான்சாவடிச் சந்திப்போ உங்கள் தாளில் தலைகீழாகத் தெரியும். சாலையில் நின்று பார்க்காமல், மொட்டை மாடி போன்ற பத்திரமான இடத்திலிருந்து பாருங்கள். சூரியனை நோக்கித் திருப்பிப் பார்க்கக் கூடாது.

ஒரு கணக்கும் போடுங்கள். மரத்தின் உயரம் 5 மீட்டர். அது 10 மீட்டர் தொலைவில் நிற்கிறது. பெட்டியின் நீளம் 20 சென்டிமீட்டர். தாளில் மரத்தின் உயரம் எவ்வளவு? ஒத்த முக்கோணங்களை வரைந்து பார்த்தால் 10 சென்டிமீட்டர் என்று விடை வரும். அளந்து சரிபாருங்கள்.

இரண்டாவது சோதனைக்கு வீட்டிலுள்ள கைப்பேசி போதும். ஹோமாய் பயன்படுத்திய இன்னொரு காமிராவான ரோலிஃப்ளெக்ஸில் ஒரு சுருளுக்கு 12 படங்கள்தான். நீங்களும் ஒரு நாளில் 12 படங்கள் மட்டும் எடுங்கள். எடுத்த எதையும் அழிக்கக் கூடாது. இரவு வரை திரும்பிப் பார்க்கவும் கூடாது. படம் எடுக்கப் போகிறவரிடம் முதலில் அனுமதி கேளுங்கள். ஒவ்வொரு முறையும் விசையைத் தொடுமுன் எவ்வளவு நேரம் யோசிக்கிறீர்கள் என்று கவனியுங்கள். இரவில் பன்னிரண்டையும் வரிசையாகப் பாருங்கள். முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் வேறுபாடு தெரியும்.

இன்னும் ஒரு சிறு வேலை பாக்கியிருக்கிறது. உங்கள் பள்ளி ஆண்டு விழாவிலோ, வீட்டு விசேஷத்திலோ எடுத்த பழைய படம் ஏதாவது இருந்தால், அதை எடுத்தவர் யார் என்று பெரியவர்களைக் கேளுங்கள். தெரிந்தால், படத்தின் பின்புறம் பென்சிலால் அந்தப் பெயரை எழுதி வையுங்கள். அவருக்கு அந்தக் கலையைக் கற்றுக்கொடுத்தவரின் பெயரும் தெரிந்தால், அதையும் கீழே எழுதுங்கள்.